தொடாமல் சொன்ன ஆஜர்

உன் தம்பி நேற்று மதியம் கன்னிவாடியிலிருந்து பஸ்ஸில் மலையேறி வந்து உன் கிதாரைக் கொடுத்துவிட்டுப் போனார். அதே கறுப்பு உறை. பாதி வழியில் சிக்கிக்கொள்ளும் அதே ஜிப். "அக்கா ஒங்ககிட்டதான் குடுக்கச் சொன்னுச்சு டீச்சர்" என்றார். டீ போடுகிறேன், உட்காருங்கள் என்றேன். "கீழ சோலி கெடக்குங்க, வெரசாப் போகணும்" என்று வாசலோடு திரும்பிவிட்டார்.

அவர் போனதும் ஜிப்பை ஒரு சாண் இழுத்தேன். தைல வாடை முகத்தில் அடித்தது. தந்திகள் துருப்பிடிக்காமலிருக்க யூக்கலிப்டஸ் தைலம் தொட்ட துணியால் துடைத்துக்கொண்டே இருப்பாய். "இந்த மஞ்சுக்கும் பனிக்கும் கம்பியெல்லாம் ஆறு மாசத்துல செத்துரும் டீச்சர்" என்பாய். நீ போய் நாற்பது நாள் ஆகிறது. வாடை போகவில்லை. அதற்கு மேல் ஜிப்பை இழுக்கக் கை வரவில்லை. சுவரோரம் சாத்திவைத்துவிட்டு எதிரே உட்கார்ந்து இதை எழுதுகிறேன். உன்னிடம் நேரில் சொல்லியிருக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. சொல்வதற்கு ஏறக்குறைய மூன்று வருடம் கிடைத்தது. உன் வீடு செண்பகனூரில் இருந்தது, டவுன் பஸ்ஸில் கால் மணி நேரம்.

சிரித்த நாட்களிலிருந்தே தொடங்குகிறேன். அவை இல்லாமல் மற்றது புரியாது.

நம் சர்ச் பாடகர் குழுவுக்குப் புதுக் கீபோர்டு வந்த வருடம் நினைவிருக்கிறதா? நான் வீட்டுக்குக் கொண்டுபோய் ஒரு வாரம் பழகினேன். அக்கம்பக்கத்துக்குத் தொந்தரவு வேண்டாமென்று காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு பழகினேன். முதல் ஒத்திகையன்று எல்லாரும் வட்டமாக நிற்க, கட்டைகளில் கை வைத்தேன். ஒரு சத்தமும் இல்லை. ஒயரை மாற்றினோம். பிளக்கை மாற்றினோம். டீலரைக் கூப்பிடு என்றார் ஒருவர். நான் ஃபிசிக்ஸ் டீச்சர் என்ற தோரணையில், உள்ளே ஏதோ ஒரு பாகம் எரிந்திருக்கும் என்று ஒரு விளக்கம் கொடுத்தேன். கடைசியில் பஜாரிலிருந்து மைக்செட் பாய் வந்தார். நம் நிகழ்ச்சிகளுக்கெல்லாம் ஸ்பீக்கர் கட்டுகிறவர். கீபோர்டைச் சுற்றி ஒரு நடை நடந்தார். பின்பக்கம் தொங்கிய ஹெட்போன் ஒயரை இரண்டு விரலால் தூக்கிக் காட்டினார்.

"டீச்சரம்மா, மொதல்ல இந்த வாலப் புடுங்குங்க."

பிடுங்கியதும் அலறியது பார், கூரையில் இருந்த புறாவெல்லாம் பறந்தன. நீ தரையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய்.

நீ மட்டும் தப்பினாயா? ஒரு கல்யாணத்தில் கிதாரின் சத்தக் குமிழ் பூஜ்யத்தில் இருக்க, மூன்று பாட்டு முழுக்கக் கண்ணை மூடி வாசித்தாய். இறங்கி வந்து, "எனக்கு நல்லாத்தானே கேட்டுச்சு" என்றாய். இன்னொரு தடவை, சுருதியை உயர்த்துவதற்காகத் தந்திகளின் மேல் மாட்டும் அந்தச் சின்னக் கவ்வியை முந்தின நாள் கழற்ற மறந்துவிட்டு, கிதார் கெட்டுப்போச்சு, கழுத்து வளைஞ்சுபோச்சு என்று அழுகிற நிலைக்கு வந்துவிட்டாய். கிதார்க் கழுத்தின் முதல் கட்டத்தில் மாட்டினால் அரைச் சுருதி, இரண்டாவதில் மாட்டினால் முழுச் சுருதி ஏறும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவளே நீதான். பாயும் ஒருநாள் மாட்டிக்கொண்டார். வோல்டேஜ் இல்லை, கரண்ட் ஆபீஸ்காரனைக் கேட்கணும் என்று அரைமணி நேரம் திட்டினார். கெட்டிலில் வெந்நீர் வைப்பதற்காக ஆம்ப்ளிஃபயரின் பிளக்கை அவரே பிடுங்கிவிட்டு மறந்திருந்தார்.

அதற்குப் பிறகுதான் நீ பெரட்டைக் கொண்டுவந்தாய்.

இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உன் அப்பா தினமும் வெள்ளனே எழுந்து போய் நின்ற வரிசைக்குப் பெரட்டு என்று பெயர். கங்காணி பேர் கூப்பிடுவார், இவர்கள் குரல் கொடுப்பார்கள். பாதிநாள் வேலைக்கு அரைப் பேர்தான் விழும், அரைக் கூலிதான் கிடைக்கும். கப்பலேறி வந்து, மண்டபம் முகாமில் கிடந்து, இந்த மலையில் வேலை கிடைத்து ஏறி வந்த பிறகும் உன் அப்பா வீட்டில் சாப்பிட உட்காரும்போது பிள்ளைகளைப் பெரட்டு எடுப்பாராம். அதை நீ நம் மேடைக்குக் கொண்டுவந்தாய். ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் முன்னால், நடுவில் எது கோளாறானாலும் உடனே, நீ பேர் கூப்பிடுவாய். பக்கத்தில் நிற்கிறவர் அந்தப் பொருளைத் தொட்டு ஆஜர் சொல்ல வேண்டும்.

"செவுத்து சுவிச்சு?"

"ஆஜர்."

"ஒயரு?"

"ஆஜர்."

"பாயி?"

"நான் என்ன பொருளாம்மா? சரி, ஆஜர்."

"தொடாமச் சொன்னா அரப்பேருதான், பாத்துக்கங்க" என்று விரலை ஆட்டுவாய். பத்தாவது வரை படித்து, நர்சரியில் பூச்செடிகளுக்கு மண் கலக்கிய நீ கண்டுபிடித்த அந்த ஒரு நிமிஷ வழக்கத்தால், எம்.எஸ்ஸி. படித்த நான் எத்தனை மேடைகளில் மானம் தப்பினேன்.

நீ எப்போதும் எனக்கு வலப்பக்கம்தான் நிற்பாய். ஏன் என்று ஒருநாள் ஏரிக்கரையில் நடக்கும்போது கேட்டேன். முகாமில் இருந்தபோது வந்த காய்ச்சலில் உன் வலது காது போய்விட்டதென்று சொன்னாய். இடது காது என் பக்கம் இருந்தால்தான் கீபோர்டு உனக்குக் கேட்கும். முப்பது வருடமாக எல்லாரிடமும் அப்படி இடம் பார்த்தே நின்று சமாளித்திருக்கிறாய்.

"யார்ட்டயும் சொல்லிறாதீங்க டீச்சர். செவிடிக்கு எதுக்குடி கித்தாருன்னு கேட்டுப்புடுவாங்க. எனக்கு இது ஒன்னுதான் இருக்கு."

சொல்ல மாட்டேன் என்றேன். உன் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்.

இனி அந்தக் கிறிஸ்துமஸ் நிகழ்ச்சி. நான்கு மணிக்குத் தொடங்க வேண்டியது. என் கீபோர்டோடு சேர்த்து நீ கிதாருக்குச் சுருதி கூட்டினாய். கச்சிதமாகச் சேர்ந்தது. தலைமை விருந்தினர் வரவில்லை. அவருக்காகச் சர்ச் ஹால் கதவைத் திறந்தே வைத்திருந்தார்கள். மஞ்சு புகைபோல உள்ளே வந்து நாற்காலிகளுக்கு நடுவே நடமாடியது. கீபோர்டு மேலெல்லாம் முத்து முத்தாக ஈரம். நான் சால்வை முனையால் அதை அழுத்தித் துடைத்தேன். துடைத்தேன், அவ்வளவுதான்.

அவர் வந்தார். முதல் பாட்டு. இரண்டாவது வரியிலேயே சுருதி பிசகியது தெரிந்தது. உன் கிதாரின் சுருதி கீழே கிடந்தது, என்னுடையது மேலே இருந்தது. பாடுகிறவர்கள் பாதிப் பேர் உன்னோடு, பாதிப் பேர் என்னோடு. முன் வரிசையில் யாரோ சிரித்தார்கள். நீ வாசித்துக்கொண்டே ஆணிகளைத் திருகிப் பார்த்தாய். பிறகு வாசிப்பதையே நிறுத்திவிட்டாய். பாட்டு முடிந்ததும் என் பக்கம் சாய்ந்தாய்.

"என்னா டீச்சர் இது? இப்பத்தானே ஒங்க பொட்டியோட சேத்தேன்."

"லைட்டு சூட்டுல கம்பி தளர்ந்திருக்கும். சூடானா உலோகம் விரியும், சுருதி எறங்கும்." வகுப்பில் சொல்வதுபோலச் சொன்னேன்.

"இம்புட்டு எறங்காது. பெரட்டு எடுத்துருவோம்."

"நேரமில்ல."

"ஒரு நிமிசம் டீச்சர். ஒயரு?"

பாய் தொட்டார். "ஆஜரும்மா."

"பொட்டி?"

"ஆஜர்" என்றேன். என் இரண்டு கையும் சால்வைக்குள் இருந்தன.

"தொட்டுச் சொல்லுங்க."

முன் வரிசையில் என் பள்ளித் தலைமையாசிரியை உட்கார்ந்திருந்தார். அந்தச் சிரிப்பு என் காதிலேயே இருந்தது. நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். இதுவரை ஒருமுறையும் எழுதிப் பார்த்ததில்லை.

"பொட்டியில ஒன்னுமில்ல. ஒத்தக் காத வச்சுக்கிட்டு ஒனக்கு எது சுருதின்னு எப்படித் தெரியும்?"

உனக்கு மட்டும் கேட்கும்படி முன்னால் குனிந்துதான் சொன்னேன். ஆனால் கீபோர்டுக்கு மேலே நீட்டியிருந்த மைக்கை நான் அணைக்கவில்லை. நான் சொன்னது ஹாலின் இரண்டு பக்கமிருந்தும் எனக்கே திரும்பி வந்தது. வெளியே ரோட்டைப் பார்த்துக் கட்டியிருந்த குழாய் ஸ்பீக்கரிலும் போனது. பின்னாலிருந்து பாய் கத்தினார்: "டீச்சரம்மா, மைக்கு ஆன்ல கெடக்கு!"

நீ அழவில்லை. மேடையை விட்டு இறங்கவுமில்லை. கிதாரைக் கழற்றி உறையில் வைத்து, சிக்குகிற ஜிப்பைப் பொறுமையாக மூடினாய். பிறகு பாடுகிறவர்களோடு போய் நின்று, மீதி நான்கு பாட்டுக்கும் கைதட்டித் தாளம் கொடுத்தாய். ஒரு தட்டுக்கூட முந்தவில்லை, பிந்தவில்லை.

நிகழ்ச்சி முடிந்து எல்லாரும் கேக் வாங்கப் போனார்கள். நான் கீபோர்டை எடுத்துவைக்க வந்தேன். சின்னத் திரையின் ஓரத்தில், பூஜ்யம் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்று இருந்தது. சுருதியை மாற்றும் பொத்தான் அது. சால்வையால் அழுத்தித் துடைத்தபோது என் விரல் அதை ஒருமுறை அமுக்கியிருக்கிறது. வாசித்த எல்லாமே அரைச் சுருதி மேலே போயிருக்கிறது. உன் கிதார் சரியாக இருந்தது. உன் காது சரியாக இருந்தது. பொட்டியைத் தொட்டிருந்தால், குனிந்து ஒரு தடவை பார்த்திருந்தால், அரை நிமிஷத்தில் எல்லாரும் சிரித்து முடித்திருப்போம். ஹெட்போன் கதையோடு இன்னொரு கதை சேர்ந்திருக்கும்.

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். நீ பஸ் நிறுத்தத்தில் முதுகில் கிதாரோடு தனியாக நின்றுகொண்டிருந்தாய். மஞ்சில் உன் தலை தெரிந்தது, மறைந்தது, தெரிந்தது. ஓடி வர ஐம்பது அடி தூரம். கீபோர்டை அணைத்தேன். அணைத்துப் போட்டால் அந்த எண் தானாகப் பூஜ்யத்துக்குத் திரும்பிவிடும். அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் அணைத்தேன். செண்பகனூர் பஸ் வந்தது. நீ ஏறினாய்.

அடுத்த வாரம் ஒத்திகைக்கு நீ வரவில்லை. நர்சரியில் வேலை அதிகம் என்று சொல்லியனுப்பினாய். அதற்கடுத்த வாரமும் அதுதான். உனக்குக் காது கேட்காது என்பதை எல்லாரும் ஏதோ முன்பே தெரிந்த விஷயம்போலப் பேசத் தொடங்கினார்கள். "பாவம், அதான் அன்னைக்கி அப்படி ஆயிப்போச்சு" என்றார்கள். நானும் தலையாட்டினேன். அதையும் செய்தேன்.

இரண்டு மாதம் கழித்து ஞாயிற்றுச் சந்தையில் உன்னைப் பார்த்தேன். தொட்டிச் செடிகளைப் பரப்பி உட்கார்ந்திருந்தாய். என்னைக் கண்டதும் எழுந்து, பழக்கமாகவே இடது காதை என் பக்கம் திருப்பினாய். பள்ளிக்கூடம், பரீட்சை, என் அம்மாவின் முழங்கால் என்று எல்லாம் விசாரித்தாய். நான் கிளம்பும்போது மெல்லக் கேட்டாய்.

"டீச்சர், கோவிச்சுக்காதீங்க. அன்னைக்கி ஒங்க பொட்டியில நம்பரு ஏதும் மாறிக் கெடந்துச்சா?"

"இல்லியே. ஏன்?"

எவ்வளவு வேகமாக வந்தது அந்தப் பதில்.

"சும்மாத்தான். வீட்ல ஒன்னப் போட்டுப் பாத்தேன்..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாய். என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாய். "அப்பச் சரி. அப்ப என் காதுதான்."

பிறகு ஒரு ஜெரேனியத் தொட்டியை எடுத்து என் கையில் வைத்தாய். "தண்ணி நெறைய ஊத்திறாதீங்க, அழுகிரும்" என்றாய். சொல்லிவிட வேண்டும் என்று அன்று வீடுவரை நினைத்துக்கொண்டே நடந்தேன். அடுத்த ஞாயிறு என்று நினைத்தேன். ஈஸ்டருக்குள் என்று நினைத்தேன். நாள் ஆக ஆக, சொல்ல வேண்டியது ஒரு தவறு என்பது போய், ஒரு தவறும் ஒரு பொய்யும் என்றாகி, பிறகு இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்பதும் சேர்ந்துகொண்டது. மார்ச்சளி தாங்கவில்லை, குளிர் ஆகாது என்று நீ தம்பி வீட்டோடு கீழே போய்விட்டாய் என்று ஒருநாள் பாய் சொன்னார். எனக்கு அப்போது வந்தது நிம்மதி. உனக்கு எழுதும் இந்தக் கடிதத்தில் அதை மறைக்க முடியாது.

நான்கு நாள் காய்ச்சல் என்றார்கள். போன் வந்தபோது பத்தாம் வகுப்பில் ஒலி பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். கன்னிவாடிக்கு வந்து சேர்வதற்குள் உன்னைக் குளிப்பாட்டிக் கிடத்திவிட்டார்கள். பெண்கள் எனக்கு இடம் விட்டார்கள். நான் சுற்றிக்கொண்டு போய் உன் இடது காதுப் பக்கம் உட்கார்ந்தேன். குனிந்தேன். சுற்றிலும் ஆட்கள். அப்போதும் சொல்லவில்லை.

இதுவரை வியாழக்கிழமை எழுதியது. இன்று ஞாயிறு மாலை. மீதியை எழுதுகிறேன்.

காலையில் பிரார்த்தனைக்குக் கிளம்பும்முன் உறையை முழுவதும் திறந்தேன். தந்திகள் பளபளவென்று இருந்தன. உன் தம்பிக்கு போன் செய்து, அக்கா கடைசிவரை வாசித்தாளா என்று கேட்டேன். "வாசிக்கலீங்க. மலைய விட்டு எறங்குறதுக்கு முந்தியே நிப்பாட்டிருச்சு. தொடைக்க மட்டும் செய்யும், வாரா வாரம்" என்றார். கிதாரின் முதல் கட்டத்தில் அந்தச் சின்னக் கவ்வி மாட்டியபடியே இருந்தது.

வீட்டில் நீ போட்டுப் பார்த்தது அதுதான். அந்தச் சாயங்காலத்தின் பாட்டை நினைவிலிருந்து எடுத்து, கவ்வியை ஒவ்வோர் இடமாக மாட்டிப் பார்த்திருக்கிறாய். முதல் கட்டத்தில் எல்லாம் பொருந்தியிருக்கிறது. நான் எத்தனை மேலே போயிருந்தேன் என்பதை, நான் திரையில் பார்த்த அதே எண்ணை, நீ ஒற்றைக் காதால் கண்டுபிடித்திருக்கிறாய். கையில் அந்த ஆதாரத்தோடுதான் சந்தையில் என்னிடம் வந்து கேட்டாய். நான் இல்லியே என்றேன். நீ என்னை நம்பினாய், அல்லது என் முகத்தில் பொய்யைப் பார்த்துவிட்டு என்னை விட்டுவிட்டாய். எது என்று எனக்குத் தெரியப்போவதில்லை. கவ்வியை நகர்த்திப் பார்த்தேன். அதன் அடியில் மட்டும் தந்திகளில் துரு. வாரா வாரம் துடைத்தபோதும் நீ அதைக் கழற்றவே இல்லை.

கிதாரை எடுத்துக்கொண்டு சர்ச்சுக்குப் போனேன். பிரார்த்தனை முடிந்து அதே ஹாலில் உன் நினைவுக் கூட்டம். நம் குழுவினர், நர்சரியில் உன்னோடு வேலை பார்த்தவர்கள், சுமார் அறுபது பேர். நீ எவ்வளவு நன்றாக வாசித்தாய் என்று நான் இரண்டு வார்த்தை பேச வேண்டுமென்று கேட்டிருந்தார்கள். கீபோர்டு முன்னால் உட்கார்ந்தேன். மைக்கின் சுவிட்சை மேலே தள்ளினேன். என் மூச்சுச் சத்தம் ஸ்பீக்கரில் போனது. பின்னாலிருந்து பாய், இப்போது நரைத்துவிட்டார், மெதுவாகச் சொன்னார்:

"டீச்சரம்மா, மைக்கு ஆன்ல கெடக்கு."

"தெரியும் பாய். அப்படியே கெடக்கட்டும்."

பொத்தானை அமுக்கி ஒன்று வைத்தேன். அன்று வாசித்த முதல் வரியை வாசித்தேன். பூஜ்யம் வைத்து மறுபடி வாசித்தேன். என்ன நடந்தது என்று சொன்னேன். சால்வை, திரையில் இருந்த எண், ஜன்னல், பஸ், சந்தை எல்லாம் சொன்னேன். அவளுடைய காது அன்று ஹாலில் இருந்த எல்லார் காதையும்விடச் சரியாக இருந்தது என்று சொன்னேன். குழாய் வழியாக அதுவும் ரோட்டுக்குப் போயிருக்கும். உன்னோடு நர்சரியில் இருந்த ஒருத்தி எழுந்து, "இத அவ இருக்கையில சொல்லியிருக்கலாம்ல டீச்சர்?" என்றாள். கூட்டம் கலைந்தபோது பாய் ஒயர்களைச் சுற்றிக்கொண்டே என் பக்கம் வந்தார். கீபோர்டின் பிளக்கைப் பிடுங்கிப் பக்குவமாகச் சுருட்டி என்னிடம் கொடுத்தார்.

கிதார் இப்போது இங்கே, இந்த மேசைக்குப் பக்கத்தில் இருக்கிறது. கவ்வியைக் கழற்றவில்லை. ஜெரேனியம் ஜன்னலில் பூத்திருக்கிறது. தண்ணீர் அளவாகத்தான் ஊற்றுகிறேன்.

இந்த மேசையில் உட்கார்ந்து நான் மட்டும் பெரட்டு எடுத்துப் பார்த்தேன். ஒயரு. பொட்டி. கித்தாரு. ஒவ்வொன்றையும் தொட்டுத்தான் சொன்னேன். உன் பேர் வந்தபோது கை எங்கே போவதென்று தெரியாமல் நின்றது. அறுபது பேர் முன்னால் சொல்லிவிட்டேன், ரோட்டுக்கே கேட்கச் சொல்லிவிட்டேன். உன் இடது காதுக்கு மட்டும் சொல்லவில்லை.

எனக்கு அரைப் பேர்தான்.